பின்வீல் வண்டியும் உறைந்த கடலும்

எங்கள் காரின் மூக்குக்குக் கீழே ஒரு பிளக் இருக்கிறது. கார் நிறுத்தும் இடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இரும்புக் கம்பம், அதில் ஒரு சிறிய பெட்டி. வேலை முடிந்து வந்ததும் பெட்டியைத் திறந்து, வயரின் ஒரு முனையை அதிலும் மறுமுனையைக் காரிலும் செருகிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன். செருக மறந்தால் மறுநாள் காலை, மைனஸ் இருபத்தைந்தில், இன்ஜின் ஆயில் பசை போல் இறுகிக் கிடக்கும். சாவியைத் திருகினால் கார் ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கிவிடும். முதன்முறை இதை வீடியோ காலில் காட்டியபோது ராஜபாளையத்திலிருந்து என் நாத்தனார் கேட்டார்: "கரண்ட் காராக்கும்?" இல்லை மதினி, பெட்ரோல் கார்தான் என்றேன். "பொறவு எதுக்கு வயரு?" இன்ஜினுக்குக் குளிராமல் இருக்கச் சூடு வைக்கிறோம் என்றேன். அவர் சித்திரை வெயிலில் ரேடியேட்டர் கொதித்து, பானெட்டைத் திறந்துபோட்டு, குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நிற்கும் வண்டிகளைப் பார்த்தே வளர்ந்தவர். நான் கதை விடுகிறேன் என்று நினைத்திருப்பார்.

நான் இருப்பது ஸ்வீடனின் வடக்கே, போத்னியா வளைகுடாவின் கரையில் ஒரு சிறிய ஊர். அதற்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினாறு வருடம் நர்ஸாக இருந்தேன். தினமும் ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் பஸ் ஏறி மடவார்வளாகத்தில் இறங்குவேன். மகன் மதுரையில் இன்ஜினியரிங் சேர்ந்த கையோடு, இங்கே முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை கிடைத்தது. அவன் படிப்பு முடிய வேண்டுமே என்று புறப்பட்டு வந்தேன். வேலைக்கு லைசென்ஸ் கட்டாயம். ஸ்கூட்டியைத் தவிர வேறெதையும் தொட்டிராத நான், எட்டு மாதம் தத்தித் தத்திக் கார் பழகி லைசென்ஸ் வாங்கினேன். ஒரு வருடம் கழித்து என் வீட்டுக்காரர் பால்துரை வந்தார். இவர் டிரைவர். பத்தொன்பது வயதில் ஸ்டியரிங் பிடித்தவர். சத்திரப்பட்டிப் பக்கம் நெய்கிற பேண்டேஜ் துணியைப் பேல் பேலாக ஏற்றித் தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் வேனை இருபத்தைந்து வருடம் ஓட்டியவர். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. எங்கள் தெருவில் இவரை டிரைவரண்ணன் என்றுதான் சொல்வார்கள். பால்துரை என்ற பெயர் ரேஷன் கார்டிலும் சர்ச் ரிஜிஸ்தரிலும்தான் இருந்தது.

இவர் வந்த இரண்டாம் மாதமே கார் வாங்க வேண்டும் என்றார். என்னோடு வேலை செய்யும் உல்லாவிடம் சொன்னேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், தனியாக இருப்பவள், ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசினால் அவளுக்கு அன்று திருவிழா. அவள்தான் ஒரு விவசாயி வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கே இரண்டு பழைய கார்கள் நின்றன. ஒன்று சிவப்பு, பளபளப்பு. இன்னொன்று பெட்டி போல, மங்கிய பச்சை, எங்கள் மகனைவிட வயதில் மூத்தது. இவர் சரளைக் கல்லில் மல்லாக்கப் படுத்து, பச்சைக் காரின் அடியில் தலையை விட்டார். முன்னாலிருந்து பின்னால் போகிற நீண்ட ஷாஃப்டைக் கையால் தடவிப் பார்த்தார். எழுந்து வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "பின்வீல் தள்ளுத வண்டிட்டி. நம்ம வேன் மாதிரியே. இதுதான் வேணும்." உல்லா என்னைப் பார்த்து, பனிக்கு முன்வீல் இழுக்கிற வண்டிதான் நல்லது என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். "முன்னால நின்னு இழுக்கதுக்கு அது என்ன மாடா?" என்றார் இவர். அதை எப்படி ஸ்வீடிஷில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு இதுதான் பிடித்திருக்கிறதாம் என்று மட்டும் சொன்னேன். உல்லா தோளைக் குலுக்கினாள்.

எந்தச் சக்கரம் வண்டியை நகர்த்துகிறது என்பதைப் பற்றி நம் ஊரில் யார் கவலைப்படுகிறார்கள்? ஏறி உட்கார்ந்தால் போகும், அவ்வளவுதான். அக்டோபர் கடைசியில் முதல் பனி விழுந்த காலையில்தான் எனக்கு அந்த வித்தியாசம் விளங்கியது. இவர் ஓட்டினார், நான் பக்கத்தில். ஊர் விட்டு ஊர் போகும் ரோடு, இரண்டு பக்கமும் பைன் மரங்கள், எல்லாம் வெள்ளை. ஒரு வளைவில் இவர் ஆக்ஸிலேட்டரை லேசாகத்தான் அழுத்தினார். காரின் பின்புறம் எங்களை முந்திக்கொண்டு போகப் பார்த்தது. மரங்கள் ஜன்னலில் இடமிருந்து வலமாக நிதானமாக நகர்ந்தன. சத்தம் இல்லை, குலுக்கல் இல்லை. கண்ணை விரித்துப் பார்த்தபோது கார் நின்றிருந்தது, நாங்கள் வந்த வழியைப் பார்த்தபடி. பனியில் எங்கள் சக்கரத் தடம் மட்டும் பெரிய கோலம் போல வளைந்து வந்து எங்கள் காலடியில் முடிந்திருந்தது. நான் கதவின் பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தேன். இவர் பயப்பட்டதாகவே தெரியவில்லை. கதவைத் திறந்து இறங்கி, அந்தத் தடத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கரிசல்ட்டி இது. வெள்ளைக் கரிசல்," என்றார்.

ஆலங்குளத்துப் பக்கம் மழைக்காலத்தில் போனவர்களுக்கு இது புரியும். வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற கரிசல் மண், ஒரு மழை பெய்தால் கிரீஸ் போல் ஆகிவிடும். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அந்தப் பக்கம் ஒரு விருந்துக்கு முதலாளியின் வேனிலேயே போனோம். திரும்பும்போது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. காலி வேன். பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றிக் குழி பறித்தது. இவர் இறங்கிப்போய்ப் பக்கத்துக் காட்டில் கிடந்த பருத்திமாரை, காய்ந்த பருத்திக் குச்சிகளை, அள்ளிவந்து சக்கரத்துக்கு அடியில் போட்டார். பிறகு என்னையும், கூட வந்திருந்த என் அண்ணனையும், வழியில் போன நாலு பேரையும் கூப்பிட்டு வேனின் பின்கடைசியில் ஏற்றி உட்காரவைத்தார். "அம்புட்டுப் பேரும் பின்னால போங்க. பாரம் இருந்தாத்தான் வண்டி பேச்சுக் கேக்கும்." பட்டுச்சேலையோடு, முன்பின் தெரியாத மாட்டுக்காரர் ஒருவரின் பக்கத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் கியரில், கிளட்சை மெல்ல மெல்ல விட்டு, வண்டியைப் பூப்போல எடுத்தார். கல்யாணமாகி இருபது நாள். இந்த மனிதர் ஒன்றும் சோடையில்லை என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது அன்றைக்குத்தான்.

அதனால் நாங்கள் திரும்பி நின்ற கதையைக் கேட்டுவிட்டு உல்லா இரண்டு மூட்டை மணலோடு வந்தபோது, அது எதற்கு என்று இவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூட்டையைப் பார்த்ததும் டிக்கியைத் திறந்து, பின்சக்கரங்களுக்கு நேர் மேலே சரியாக இறக்கிவைத்தார். உல்லா புருவத்தை உயர்த்தினாள். இவர் அசந்துபோனது டயர்க் கடையில்தான். பனிக்கால டயர் முழுக்கச் சின்னச் சின்ன ஆணிகள். இருபத்தைந்து வருடமாகத் தூத்துக்குடி ரோட்டில் ஆணி ஏறி ஏறிப் பஞ்சர் ஒட்டிய மனிதர், ஒவ்வொரு ஆணியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அந்தப் பனிக்காலம் முழுக்க இவர்தான் ஓட்டினார். காலையில் என்னை வேலையில் விடுவார். வழியில் பனி பாரம் தாங்காமல் வளைந்து நிற்கும் மரங்களையும், மூச்சுவிட்டால் மீசையில் ஐஸ் கட்டுவதையும், பகல் பன்னிரண்டு மணிக்குச் சூரியன் மரங்களின் இடுப்புயரத்துக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவதையும் பார்த்து, "ஆண்டவரே, என்னத்தையெல்லாம் படைச்சு வச்சிருக்கீரு" என்பார். எங்கள் குடும்பத்தில் ஜெபத்துக்கு அதிகம் வாய் திறக்காதவர் இவர் ஒருவர்தான்.

நம் ஊர் லைசென்ஸ் இங்கே ஒரு வருடம்தான் செல்லும். வருடம் முடிந்த நாளில் சாவியை என் கையில் கொடுத்தார். எழுத்துத் தேர்வை இங்கிலீஷில் எழுதலாம் என்றார்கள். எட்டாவதோடு நிறுத்தியவர், போனில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு நான்கு மாதம் படித்து முதல் தடவையே தேறிவிட்டார். ஓட்டும் தேர்வு ஒரு விஷயமே இல்லை என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம். நவம்பரில் ஒரு பகலில் போனார். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

நடந்தது இதுதான். ஒரு தெருவில் பனியை இரண்டு பக்கமும் ஒதுக்கி ஒதுக்கி, நடுவில் ஒரு வண்டி போகிற அளவுதான் வழி இருந்தது. எதிர்முனையில் ஒரு கார். இவர் வழக்கம்போல் லைட்டை இரண்டு தடவை அடித்தார். நம் ஊரில் அதற்கு அர்த்தம் என்ன? கான்சாபுரம் போகிற வழியில் ஒரு ஒற்றைப் பாலம் உண்டு, முதலில் லைட் அடிப்பவனுக்குத்தான் பாலம். நான் வாரேன், நீ நில்லு. இங்கே அதற்கு நேர் எதிர் அர்த்தம்: நான் நிற்கிறேன், நீங்கள் வாருங்கள். எதிரில் இருந்தவன் நன்றி சொல்லிக் கையைத் தூக்கிவிட்டு வந்தான். "அவன் கையத் தூக்கிக் கும்புடு போடுதான். சரி, மரியாதை தெரிஞ்ச ஆளு, நிக்கப் போறான்னு நானும் கையத் தூக்குதேன். ரெண்டு பேரும் சிரிச்சிக்கிட்டே நேருக்கு நேரா வாரோம்ட்டி." நடுவழியில், மூக்கும் மூக்கும் இடிக்கப் போகிற இடத்தில், தேர்வு அதிகாரி தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவரும் கடைசியில் சிரித்துவிட்டார். முதல் தடவை அப்படித்தான் போயிற்று.

இரண்டாவது தடவைக்குச் சிரிக்க முடியவில்லை, ஏனென்றால் தப்பு என்னுடையது. இந்த வடக்குப் பகுதி ஆட்கள் 'ஆமாம்' என்று சொல்ல வாயைத் திறப்பதில்லை. உதட்டைக் குவித்து, 'ஷுப்' என்று மூச்சை வேகமாக உள்ளே இழுப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு பெரியவர் அப்படிச் செய்ததும், மூச்சுத் திணறல் என்று நினைத்து, அவர் விரலில் ஆக்ஸிஜன் கருவியை மாட்டி, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டேன். காபி வேண்டுமா என்ற என் கேள்விக்குத்தான் அவர் பதில் சொல்லியிருந்தார். பிறகு எனக்குப் பழகிவிட்டது. பழகிப்போனதால் அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை, இவரிடம் சொல்லவும் இல்லை. தேர்வில் இவர் பக்கத்தில் உட்கார்ந்தது ஒரு பெண் அதிகாரி. வழுக்கும் ரோட்டில், ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில், ஒரு சந்திப்பை நெருங்கும்போது இவர் கேட்டார்: "ஸ்ட்ரெய்ட்?" அந்த அம்மா 'ஷுப்' என்று மூச்சை இழுத்தார். நம் ஊரில் வண்டியில் பக்கத்தில் இருப்பவர் அப்படி மூச்சை இழுத்தால் என்ன அர்த்தம்? ஏதோ குறுக்கே பாய்கிறது. இவர் பிரேக்கை ஏறி மிதித்துவிட்டார். கார் குறுக்காகத் திரும்பி நிற்க, பின்னால் வந்த வேன் ஒரு முழ இடைவெளியில் நின்றது. காரணமில்லாமல் அவசர பிரேக் என்று எழுதிக் கொடுத்தார்கள். "நாய் வந்துச்சோ, பிள்ள வந்துச்சோன்னு பதறிட்டேன். பாத்தா ரோடு காலியா கெடக்கு," என்றார். அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று நான் விளக்கியபோது இவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு இவர் சுருங்கிப்போனார். ஒரு பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கும் வேலைக்குப் பஸ்ஸில் போய்வந்தார். என் காரில் ஏறினால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, நான் பிரேக் போடும் போதெல்லாம் தானும் வலது காலால் வெறும் தரையை மிதிப்பார். மிதித்துவிட்டு, நான் பார்த்தேனா என்று பார்ப்பார். ராஜபாளையத்திலிருந்து யாராவது போன் பண்ணி, "என்ன டிரைவரண்ணே, பனியில வண்டி ஓட்டுறீகளா?" என்றால், "ஓட்டாம என்ன" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார். டிசம்பரில் ஒரு நாள் பழைய முதலாளியே கூப்பிட்டார். தெலுங்கு பேசும் குடும்பம், இவரைச் சொந்தத் தம்பி போல நடத்தியவர். "ஏமய்யா, வேன் சும்மா நிக்குது. வாரவன் பூராம் கியரை ஒடிச்சுப் போடுதான். நீ எப்ப வார?" என்று கேட்டார். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது. போனை வைத்துவிட்டு இவர் சொன்னார்: "மூணாவது தடவையும் போச்சுன்னா நான் ஊருக்குப் போயிருதேன்ட்டி. இங்க நான் ஆருன்னு எனக்கே தெரியல."

என்னால் போக முடியாது என்பது இவருக்கும் தெரியும். மகனுக்கு இன்னும் ஒன்றரை வருடப் படிப்பு, எனக்கு இங்கே நிரந்தரமான வேலை. இதையும் சொல்லிவிடுகிறேன்: இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. பனியில் தனியாகக் கார் ஓட்டிப்போய், ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, அங்கே எனக்காகக் காத்திருக்கும் ஒரு முகத்தைப் பார்ப்பது பிடித்திருந்தது. அந்த மூன்றாவது தேர்வுதான் எங்கள் இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்திருக்கப் போகிறது என்று நம்பினேன். பழகுகிறவருக்குத் துணை உட்கார ஐந்து வருடப் பழைய லைசென்ஸ் வேண்டும், எனக்கு அவ்வளவு ஆகவில்லை; இவரோடு நீ உட்காருவாயா என்று உல்லாவிடம் போய் நின்றேன். அவள் ஒரு மூச்சை இழுத்தாள், 'ஷுப்'. அவ்வளவுதான் பேச்சு. பழகுநருக்குத் துணை போவதற்கான வகுப்பில் அவளே பேர் கொடுத்து இவரோடு போய் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் எங்கள் காரின் பின்னால் பச்சை நிறத்தில் பழகுநர் பலகை ஒட்டப்பட்டது. இருபத்தைந்து வருட டிரைவர், அந்தப் பலகையைத் தன் கையாலேயே துடைத்து நேராக ஒட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஜனவரியில் ஊருக்கு வெளியே ஏரி உறைந்ததும் உல்லா அங்கே கூட்டிப்போனாள். பனியை வழித்து, ஐஸின் மேல் ஒரு வட்டப் பாதை போட்டிருந்தார்கள். நான் கரையில் பிளாஸ்க்கோடு நின்றேன். உல்லாவின் பாடம் மூன்றே வார்த்தை: விடு, பார், போ. அதாவது வண்டி வழுக்கும்போது இரண்டு பெடலையும் விடு, போக வேண்டிய இடத்தைப் பார், வண்டி சம்மதித்த பிறகு போ. இவர் கேட்டுவிட்டு என்னிடம் கத்தினார்: "இதத்தான் நான் கரிசல்ல பண்ணினேன், இவளுக்கு ஆரு சொன்னா?" முதல் சுற்றில் கார் மூன்று தடவை சுழன்றது. பத்தாவது சுற்றில் பின்புறத்தை வேண்டுமென்றே வெளியே தள்ளி, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் பிடித்து, அந்த வட்டம் முழுவதையும் பக்கவாட்டிலேயே ஓட்டிவந்தார். சக்கரம் கிளப்பிய பனித்தூள், அந்த நேரத்துச் சிவப்பு வெயிலில், காருக்குப் பின்னால் நெருப்புப் பொடியாக எழுந்து நின்றது. அப்படி ஒன்றை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. இந்தக் குளிர், இந்த வெளிச்சம், இதன் நடுவில் பேண்டேஜ் துணி ஏற்றிய என் வீட்டுக்காரர். கண்ணில் தண்ணீர் வந்தது, அது இமையிலேயே ஐஸாகிவிட்டது. உல்லா இறங்கி வந்து, என்னிடம் ஒரு கப் காபி வாங்கிக்கொண்டு, "அவனுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. லைட்டை மட்டும் அடிக்க வேண்டாம் என்று சொல்," என்றாள்.

பிப்ரவரி கடைசியில் மூன்றாவது தேர்வு. அன்றைக்குப் பார்த்து ரோடும் வயலும் தெரியாத அளவுக்குப் பனி கொட்டியது. அதே பெண் அதிகாரிதான். வழியெல்லாம் நாலைந்து தடவை மூச்சை இழுத்தாராம், இவர் அசையவில்லை. தேர்வுக் கார் முன்வீல் இழுக்கிற கார். "அத ஓட்டதுக்கு என்ன, உக்காந்திருந்தாப் போதும்" என்றார் வந்ததும். தேறிவிட்டார். நான் சமையலறையில் இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன். கேசரி கிண்டினேன். மகனுக்கு போன் பண்ணினேன். இனி எந்தக் கவலையும் இல்லை என்று உல்லாவுக்கு மெசேஜ் அனுப்பினேன். இவர் சிரித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

லைசென்ஸ் அட்டை தபாலில் வந்த வாரத்துச் சனிக்கிழமை, நண்பகல், கடலுக்குப் போகலாம் என்றார். இங்கே கடல் உறைந்துவிடும். கேள்விப்பட்டிருந்தேன், கரையில் நின்று பார்த்தும் இருக்கிறேன், மேலே போனதில்லை. எதிரே உள்ள தீவுக்குக் கோடையில் படகு. பனிக்காலத்தில் ஐஸின் தடிமனை அளந்து, பனியை வழித்து, இரண்டு பக்கமும் குச்சி நட்டு, ஒரு ரோடு போட்டுவிடுவார்கள். ஈஸ்வேக் என்று பெயர். தொடங்கும் இடத்தில் பலகை: முப்பதுக்கு மேல் வேகம் கூடாது, நிறுத்தக் கூடாது, முன்னால் போகும் வண்டியை நெருங்கக் கூடாது. அதோடு உல்லா சொல்லியனுப்பியது ஒன்று. கடல்மேல் இருக்கும்வரை பெல்ட் போடக் கூடாது, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைக்க வேண்டும். ஏதாவது ஆகிவிட்டால் உடனே வெளியேற வேண்டுமே. ஒன்றரை வருடமாகப் பெல்ட் பெல்ட் என்று எங்களைப் பாடாய்ப் படுத்திய தேசம், கடல் வந்ததும் கழற்றிவிடச் சொல்கிறது. இரண்டு பேரும் கழற்றினோம். முன்சக்கரம் கரையிலிருந்து கடலுக்கு இறங்கியது. டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

எப்படிச் சொல்வது? எல்லாப் பக்கமும் வெள்ளை, அதன் மேல் வெளிறிய நீல வானம், எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்றே தெரியவில்லை. காற்று பனியைத் துடைத்துவிட்ட இடங்களில் ஐஸ் கறுப்பாக, கண்ணாடியாக இருந்தது. அதன் உள்ளே வெள்ளை விரிசல்கள், மூச்சுக் குமிழிகள் அப்படி அப்படியே நின்றிருந்தன. அதற்குக் கீழே கடல். நாம் மெதுவாகப் போக வேண்டியதற்குக் காரணம், காரின் பாரத்தில் ஐஸ் லேசாக அமுங்கி, அடியில் தண்ணீரில் ஒரு அலை நமக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்குமாம். வேகமாகப் போனால் அந்த அலையே ஐஸை உடைத்துவிடுமாம். இறக்கிவிட்ட கண்ணாடி வழியாக அவ்வப்போது கீழிருந்து ஒரு முழக்கம் கேட்டது, தூரத்தில் இடி இடிப்பது போல, ஆனால் கால்களுக்கு அடியில். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயமா பக்தியா என்று தெரியவில்லை. இவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண் கொட்டாமல் பார்த்தபடி, முப்பதிலேயே போனார்.

"சுந்தரபாண்டியத்துல உங்க சித்தி வீட்டுக்குப் போவமே, ஞாபகம் இருக்கா?" என்றார் திடீரென்று. இருந்தது. வைகாசியில் கண்மாய் வற்றியதும் ஊரைச் சுற்றிப் போக மாட்டோம். கரையில் இறங்கிக் கண்மாய்க்குள்ளேயே குறுக்கே போவோம். மாட்டுவண்டி, டிராக்டர், பைக் எல்லாம் போய்ப் போய் நடுவில் ரோடே விழுந்திருக்கும். "அங்க தண்ணி இல்லாமப் போனா ரோடு. இங்க தண்ணி கல்லாப் போனா ரோடு," என்றார் இவர். நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. "ஏட்டி, நான் ஊருக்குப் போறேன்," என்றார்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. பாஸாகிவிட்டீர்களே என்றேன். "அதான் போறேன். பெயிலாயிப் போனேன்னு வச்சுக்கோ, முதலாளி மூஞ்சியில எப்படி முழிப்பேன்? ஓட்டத் தெரியாம வந்துட்டான்னுல்ல பேசுவானுக. இப்ப ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல முடியாது." வண்டியை நிறுத்துங்கள் என்றேன். "இங்க நிறுத்தக் கூடாதுட்டி," என்றார், மிகவும் மெதுவாக. நிறுத்தவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் நாங்கள் பேசிய பெரிய பேச்சை, நிற்கவும் முடியாமல் வேகமாகப் போகவும் முடியாமல், முப்பது கிலோமீட்டரில் பேசினோம். என்னால் வர முடியாது என்றேன். "ஒன்னய வரச் சொல்லலையே. இந்த வண்டிய என்ன லாவகமா ஓட்டுத நீ! நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். இது ஒனக்குச் சேந்த எடம்ட்டி. எனக்கு ஆச்சரியமா இருக்கு, அம்புட்டுத்தான். ஆச்சரியத்துல எம்புட்டு நாள் குடியிருக்க முடியும்?" நான் அழுதேன். கோபமாகவும் இருந்தது. மூன்றாவது தேர்வுக்காக நான் ஓடிய ஓட்டமெல்லாம் இவரை அனுப்பிவைக்கத்தானா என்று கேட்டேன். "ஆமா," என்றார். "தலை நிமிந்து போக வச்சிருக்க."

சித்திரை பிறந்ததும் போனார். அடுத்த பனிக்காலம் வந்துவிட்டது. இப்போது நான்தான் மணல் மூட்டைகளை இழுத்துவந்து டிக்கியில் வைக்கிறேன். முன்வீல் கார் ஒன்றை வாங்கிக்கொள் என்று உல்லா சொல்கிறாள், பார்க்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். இவர் பழைய வேனில் தூத்துக்குடிக்குப் போய்வருகிறார். ராஜபாளையத்தில் அந்த ஸ்வீடன் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவதாக நாத்தனார் சொன்னார். "கடலு மேல கார் ஓட்டினேங்காரு, ஒருத்தரும் நம்பல. நெசந்தானா?" என்று கேட்டார். நிஜம்தான் மதினி, நான் பக்கத்தில் இருந்தேன் என்றேன்.

அன்று தீவின் கரையில் ஏறியதும் பனிமேட்டுக்குப் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டினார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இனிமேல் பெல்ட் போட வேண்டும். இவர் என் பக்கம் சாய்ந்து, என் தோளுக்கு மேலிருந்த பெல்ட்டை இழுத்து, கொக்கி விழும் சத்தம் கேட்கும்வரை அழுத்தி மாட்டிவிட்டார். சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்தும் பார்த்தார். பிறகு, தன் பெல்ட்டைப் போடாமலே, இரண்டாம் கியரில் வண்டியை எடுத்தார். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.